மூன்று மலைகள், மூன்று சோலைக்கிளிகள்

ஞாயிறு, கோத்தகிரி

இந்தப் பயணம் ஒரே ஒரு பறவைப் பேரினத்தைத் தேடி. அதன் பெயர் ஷோலிகோலா. தமிழில் சோலைக்கிளி என்கிறோம், ஆனால் கிளிக்கும் இதற்கும் உறவு கிடையாது. சிட்டுக்குருவி அளவு. நீலம் கலந்த சாம்பல் நிறம். உயர்ந்த மலைகளின் சோலைக்காட்டுக்குள் தரையோடு தரையாக வாழும் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

மொத்தம் மூன்று இனங்கள். நீலகிரி சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலிருந்து கர்நாடகத்துப் பாபாபுதன் மலை வரை. வெண்வயிற்றுச் சோலைக்கிளி பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே, ஆனைமலை, மூணாறு, பழனி மலைப் பக்கம். அசம்பு சோலைக்கிளி செங்கோட்டைக்குத் தெற்கே, அகத்தியமலைத் தொடரில் மட்டும். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று வருவதில்லை. மூன்றையும் அதனதன் மலையில், ஒரே மூச்சில் வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நடுவில் உள்ள இரண்டு கணவாய்களையும் தரை வழியாகவே கடக்கப் போகிறேன். இந்தப் பறவையைப் புரிந்துகொள்ள மலையைப் பார்த்தால் மட்டும் போதாது, மலை இல்லாத இடத்தையும் பார்க்க வேண்டும்.

இன்று லாங்வுட் சோலை. கோத்தகிரி ஊரை ஒட்டி, தேயிலைத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் காடு. 116 ஹெக்டேர்தான். ஒரு காலத்தில் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிடுவார்கள் என்ற நிலை இருந்தது. ஊர்க்காரர்களே குழு அமைத்துக் காவல் நின்று காப்பாற்றினார்கள். 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் இறங்குகிறது.

அனுமதி முன்பே வாங்கியிருந்ததால் விடிந்ததும் உள்ளே போய்விட்டோம். கூட வந்த வாட்சர் நீரோடை ஓரமாக ஒரு இடத்தைக் காட்டி, "அக்கா, நிக்காதீங்க, உக்காந்துருங்க. நடமாட்டம் இருந்தா வெளிய வராது" என்றார். உட்கார்ந்தேன். சோலைக்குள் அந்த நேரத்தில் வெளிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. மரங்கள் உயரமில்லை, ஆனால் கிளைகள் பின்னிக்கொண்டு கூரை போட்டிருக்கின்றன. பட்டை தெரியாத அளவுக்குப் பாசி. கீழே குறிஞ்சிப் புதர்.

முதலில் சருகு அசைந்தது. அப்புறம் பறவை. ஒரு இலையை அலகால் கவ்வி எடுத்து அப்படியே பக்கவாட்டில் வீசியது. அடியில் என்ன இருந்ததோ, கொத்தி விழுங்கியது. இரண்டு எட்டுத் தத்தி நின்று, அடுத்த இலை. கால்கள் நீளம், அந்த உடம்புக்கு அதிகம் என்று தோன்றும் நீளம். தலை, முதுகு, மார்பு எல்லாம் மழைமேகத்து நீலம். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கறுப்பு, அதற்கு மேலே நெற்றியில் வெளிறிய கோடு. திரும்பியபோதுதான் விலாப்பக்கம் தெரிந்தது: செங்கல் தேய்ந்தாற்போன்ற செம்பழுப்பு. நீலகிரி இனத்தை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துக் காட்டுவது இந்த நிறம்தான். இருட்டில் ஒரு பெரிய கறுத்த கண் என்னைப் பார்த்தது, அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

பாட்டு இன்னும் கொஞ்சம் உள்ளிருந்து வந்தது. மெல்லிய, உயர்ந்த விசில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுநடுவே கரகரவென்று ஒரு இழுப்பு. மார்ச் தொடக்கம் என்பதால் பாட ஆரம்பித்திருக்கின்றன. பருவமழைக்கு முன்பே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை இது. ஓடையின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அவ்வளவு உயரத்தில் பாடுகிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

1844-இல் ஜெர்டன் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்தவர், தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர். அவர் இதை ஒரு பேரினத்தில் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இமயமலை, தென்கிழக்காசியக் குட்டைச்சிறகன் என்ற பறவைகளோடு சேர்த்தார்கள். அப்புறம் வேறொன்றில். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வீடு மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் வி.வி. ராபின், சி.கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலான ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தார்கள். அது குட்டைச்சிறகனே இல்லை. நீல ஈப்பிடிப்பான்களுக்குத்தான் நெருக்கம், ஆனால் அவற்றிலிருந்தும் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்து தனி வழி போனது. 2017-இல் ஷோலிகோலா என்ற புதிய பேரினத்தை அறிவித்தார்கள். நம் மலைகளிலேயே உருவாகி, நம் மலைகளிலேயே இனங்களாகப் பிரிந்த ஒரு வம்சம். அதைக் கண்டுகொள்ள 2017 வரை ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

திங்கள், பொள்ளாச்சி

கோத்தகிரியில் ஸ்வெட்டர். மேட்டுப்பாளையத்தில் வியர்வை. கோயம்புத்தூரில் பஸ் மாறிப் பொள்ளாச்சி.

இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் என்றால் காற்று. ஆடி மாதத்தில் ஆளைத் தள்ளும் காற்றும், தென்மேற்குப் பருவத்தின் சாரலும் அந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் வருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இவ்வளவு பெரிதாக வேறெங்கும் அறுபடவில்லை. அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். நீலகிரியில் 2,637 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கும் தொட்டபெட்டாவும், தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடியும் இருக்க, நடுவில் நிலம் சில நூறு மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது.

ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தென்னந்தோப்பு, வெங்காயம் காயப்போட்ட களம், செங்கல் சூளை, கல்லூரி, மறுபடி தென்னந்தோப்பு. பின்னால் நீலகிரி மங்கலாகி மறைய, முன்னால் ஆனைமலை நீலமாக எழுந்தது. இடைப்பட்ட நேரம் ஒரு தூக்கத்துக்குக்கூடப் போதாது.

ஆனால் சோலைக்கிளிக்கு இந்த வெளி கடல். குளிர்ந்த, ஈரமான, இருண்ட காட்டின் அடித்தளத்தில் மட்டுமே வாழத் தெரிந்த பறவை. குட்டையான வட்டச் சிறகு, புதருக்குப் புதர் தாவுவதற்கானது. வெயில் காயும் வெட்டவெளியை அது எப்படிக் கடக்கும்? உலகம் குளிர்ந்து, சூடாகி, மறுபடி குளிர்ந்த காலங்களில் மலைக்காடுகள் கீழே இறங்கியும் மேலே ஏறியும் இருக்கின்றன. அப்போதும் இந்தப் பள்ளம் நிரம்பவில்லை. இந்தப் பக்கத்துப் பறவை இந்தப் பக்கமே, அந்தப் பக்கத்துப் பறவை அந்தப் பக்கமே என்று பல லட்சம் ஆண்டுகள். அதனால்தான் அவை இன்று இரண்டு இனம். ஆனால் நீண்ட காலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்களாகத்தான் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2005-க்குப் பிறகுதான் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மலைச் சிலப்பன் என்ற பறவைகளுக்கும் இதே கதைதான். மோன்டெசிங்க்லா என்ற அந்தப் பேரினத்தையும் அதே ஆய்வுதான் 2017-இல் அறிவித்தது. அதில் நான்கு இனம்: வயநாட்டின் பாணாசுரன் மலையில் ஒன்று, நீலகிரியில் ஒன்று, பழனி-ஆனைமலைக்கு ஒன்று, அகத்தியமலைக்கு ஒன்று. சோலைக்கிளிக்கும் சிலப்பனுக்கும் சொந்தமில்லை, உணவும் பழக்கமும் வேறு. இருந்தும் அதே கணவாய்கள் இரண்டையும் அதே இடங்களில் அறுத்திருக்கின்றன.

செவ்வாய், கொடைக்கானல்

பழனியிலிருந்து மலைச்சாலை. பெருமாள்மலை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே சீகை மரம், யூகலிப்டஸ், பைன். சுற்றுலா வந்தவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் 'பசுமை' பெரும்பாலும் இதுதான்.

இங்கே இருந்தது புல்வெளி. மடிப்புகளில் சோலை, மேட்டில் புல், அதுதான் இந்த மலைகளின் இயல்பான அமைப்பு. புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, சீகையையும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது, சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழ்மரத்துக்காகவும் இன்னும் வேகமாக நடந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டிருக்கிறது. சீகையை நட்ட இடத்தோடு நிறுத்த முடியவில்லை. விதை பரவிப் பரவிப் போய்க்கொண்டே இருக்கிறது.

டீக்கடை அக்காவிடம் நாளைக் காலை பாம்பே சோலைக்குப் போவதாகச் சொன்னேன். "அங்க என்னம்மா இருக்கு, வெறும் காடு" என்றார். சிறுவயதில் அதற்குள் விறகு பொறுக்கியிருக்கிறாராம். "நீலக்குருவி ஒண்ணு தண்ணிகிட்டயே சுத்தும், கைக்கெட்டுற தூரத்துல." அந்தப் பறவையேதான்.

புதன், கொடைக்கானல்

பாம்பே சோலை ஊரின் விளிம்பிலேயே இருக்கிறது. உள்ளே போய் நூறடி நடந்தால் ஹார்ன் சத்தம் அடங்கிவிடும். ஓடையில் பிளாஸ்டிக் பாட்டில்கள். அதைத் தாண்டி நாவல் இனத்து மரங்கள், பெரணி, காலடியில் பஞ்சு மெத்தையாகச் சருகு.

வெண்வயிற்றுச் சோலைக்கிளி காத்திருக்க வைக்கவில்லை. ஓடையின் மறுகரையில், விழுந்து மக்கிய மரத்தின்மேல் வந்து நின்றது. ஞாயிறன்று கோத்தகிரியில் பார்த்ததன் அச்சு என்று முதல் பார்வைக்குத் தோன்றும். அப்புறம் வித்தியாசங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. செம்பழுப்பே இல்லை. விலாவும் நீலச்சாம்பல். வயிறு மட்டும் தூய வெள்ளை, அந்த இருட்டில் முதலில் கண்ணில் படுவதே அதுதான். நெற்றிக்கோடு இங்கே இன்னும் துலக்கமாக, வெளிர்நீலமாக இருந்தது. மரத்தின் மீதிருந்தே பாடியது. அலகு திறப்பதும் தொண்டை துடிப்பதும் தெரிந்தது. வால் லேசாக விரிந்து மூடியது. கோத்தகிரியில் கேட்டதைவிட நீளமான, வளைந்து வளைந்து போகும் பாட்டு. இதைச் சொல்லக் காது பழக வேண்டியதில்லை, இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டால் யாருக்கும் கேட்கும்.

1868-இல் பிளான்ஃபோர்டு இந்த இனத்தை விவரித்தது பழனி மலைப் பறவையை வைத்துத்தான். அக்காலத்தில் இந்த மலையில் பறவைகளைச் சேகரித்தவர்களில் ஒருவர் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். இங்குள்ள சிலப்பனின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

மதியம் வட்டக்கானல் பக்கம் நடந்தேன். சாலையின் ஒரு பக்கம் சோலைத்துண்டு, மறுபக்கம் சீகைக்காடு, அதற்கப்பால் விடுதிகள், அதற்கப்பால் இன்னொரு சோலைத்துண்டு. சோலைக்குள் சோலைக்கிளியின் குரல் கேட்டது. சீகைக்காட்டில் சிலப்பன் குரல் மட்டும். சிலப்பன் தோட்டத்திலும் பழம் தின்னும், வேலியிலும் உட்காரும். சோலைக்கிளி அப்படி இறங்கிவராது. ராபின் குழுவினர் 2015-இல் இந்த மலைகளின் பறவைகளிடம் சிறிதளவு ரத்தம் எடுத்து ஆராய்ந்தபோது, அண்மைக் காலக் காடழிப்பால் துண்டான இடங்களுக்கு இடையிலும் மரபணுக் கலப்பு குறையத் தொடங்கியிருப்பது தெரிந்தது. கணவாய் செய்த வேலைக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்தன. நாம் இரண்டு தலைமுறையில் ஒரே மலைக்குள் புதிய கணவாய்களை வெட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய பிரிவில் புது இனம் பிறந்தது. இந்தப் பிரிவில் அதற்கெல்லாம் அவகாசம் இருக்காது. ஒரு துண்டில் நாலு ஜோடி, இன்னொரு துண்டில் ஆறு ஜோடி என்று ஆகிவிட்டால், ஒரு மோசமான வருடம் போதும்.

சீகையை எல்லாம் வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இங்கே கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும். வயதான சீகை, பைன் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வந்திருக்கின்றன. அந்த இடத்தில் மரத்தை வேரோடு எடுத்தால் கன்றும் போகும், சீகை விதை மட்டும் மண்ணில் நிற்கும். புல்வெளி மேட்டில் புதிதாகப் பரவும் சீகையைப் பிடுங்குவதும், சோலை திரும்பி வரும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வியாழன், செங்கோட்டை

நாள் முழுக்கப் பயணம். வத்தலக்குண்டு, மதுரை, ராஜபாளையம், தென்காசி. வெயில் கொளுத்துகிறது. நாளைக் காலை ரயில்.

வெள்ளி, விதுரா

செங்கோட்டை-புனலூர் ரயில் பாதை 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்தது, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. பகவதிபுரம் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் கேரளம், ஆரியங்காவு. அப்புறம் பதிமூன்று கண் பாலம். கூட்டம் ஜன்னலுக்கு ஓட, நானும் ஓடினேன்.

செங்கோட்டைக் கணவாய் என்னை யோசிக்க வைத்தது. பாலக்காட்டுக் கணவாயைப் போல விரிந்த வெளி இல்லை இது. பத்துக் கிலோமீட்டர்கூடத் தேறாத குறுகலான இடைவெளி. இரண்டு பக்கத்து மலைகளும் கண்ணுக்கு எதிரே. அதுவும் மேற்குப் பக்கம் தென்மலை வரை பச்சைக்காடு, மழைக்காடு. வெயில் வெளி என்று சொல்ல முடியாது. இருந்தும் சோலைக்கிளி கடக்கவில்லை. அதற்குக் காடு இருந்தால் போதாது, உயரமும் அந்த உயரத்தின் குளிரும் வேண்டும். தாழ்ந்த, புழுக்கமான காடு அதன் வீடு அல்ல. பழனி மலையில் பார்த்த பறவைக்கும் நாளை தேடப்போகும் பறவைக்கும் நடுவே நிற்கும் வேலி இந்த இளஞ்சூடுதான். 2017 வரை அசம்பு சோலைக்கிளியைத் தனி இனம் என்று யாரும் சொல்லவில்லை. தோற்றத்தில் அவ்வளவு நெருக்கம். மரபணுவும் பாட்டும்தான் பிரித்துக் காட்டின.

புனலூரிலிருந்து பஸ் பிடித்து விதுரா. அகத்தியமலைப் பாதை தொடங்கும் போனக்காட்டுக்கு மாலைக்குள் போய்ச் சேர வழியில்லை.

சனி, அதிருமலை

போனக்காட்டில் சோதனை முடிந்து நடக்கத் தொடங்கினோம். அகத்தியமலைப் பாதை ஆண்டில் சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும், பதிவு செய்தவர்களுக்கு மட்டும். 2019 ஜனவரி வரை பெண்களுக்கு அனுமதி கிடையாது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் வழி பிறந்தது. என் குழுவில் இன்று ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி.

வழிகாட்டி ஒரு காணிக்காரப் பழங்குடி இளைஞர். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. ஓடைகள், ஈற்றை மூங்கில், அப்புறம் உச்சிவெயிலில் புல்மேடு. முட்டிடிச்சான் தேரி ஏறும்போது முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. சோலைக்கிளியைப் பற்றிக் கேட்டதும் அவர் நின்றார். "பறவை பார்க்க வந்ததோ சேச்சி? எல்லாரும் மேலே சாமி பார்க்கத்தான் வரும்." மண்திட்டின் வேர் இடுக்கு ஒன்றில் போன வருடத்துக் கூட்டைப் பார்த்ததாகச் சொன்னார். இரவு தங்கும் அதிருமலை முகாமைச் சுற்றி யானை வராமல் அகழி. கஞ்சியும் பயறும் சாப்பிட்டாயிற்று.

ஞாயிறு, அதிருமலை

விடியும் முன்பே ஏறத் தொடங்கி, பொங்கலப்பாறைக்குக் கீழே ஓடை குறுக்கிடும் சோலையில் மற்றவர்களை முன்னால் போகவிட்டோம். வழிகாட்டித் தம்பி அந்த வேர் இடுக்கைக் காட்டினார். பழைய கூடு, பாதி சரிந்து கிடந்தது. வெளியே பாசி, உள்ளே மெல்லிய வேர்நார் வட்டமாகச் சுற்றி வைத்தது. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். வழக்கமாக இரண்டு முட்டை. தரையிலிருந்து முழங்கால் உயரம்தான், கீரி ஒன்று எட்டிப்பார்த்தால் முடிந்தது.

பறவை தெரிந்தது சில நொடிகள். வெள்ளை வயிறு, சாம்பல்நீல விலா, பெரணிக்கு அடியில் ஓட்டம், பாறைக்குப் பின்னால் மறைவு. ஆனால் பாட்டு நன்றாகக் கிடைத்தது. கொடைக்கானல் பாட்டை மனதில் வைத்துக்கொண்டு கேட்டேன். என் காதுக்கு இது சுருக்கமாக, சொற்களுக்கு இடையே இடைவெளி கூடுதலாக ஒலித்தது. ஒரே ஒரு பறவையை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் பழங்காலக் கணவாய்களின் இரு பக்கத்துப் பாட்டுகள் வெகுவாக வேறுபடுகின்றன, அண்மையில் துண்டான காடுகளுக்கு இடையே வேறுபாடு குறைவு என்று பதிவுகளை அலசியவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

உச்சிக்கும் போனோம். 1,868 மீட்டர். கிழக்கே தாமிரபரணி பிறக்கும் பக்கம், மேற்கே நெய்யாறு. அங்கே நின்றபோது அகத்தியரைவிட அந்த எண்தான் மனதில் ஓடியது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் 2,600 மீட்டருக்கு மேல் உயரம் இருக்கிறது. காலநிலை சூடாக ஆக, குளிரைத் தேடி மேலே ஏற அந்தப் பறவைகளுக்கு இன்னும் கொஞ்சம் மலை மிச்சமிருக்கிறது. அசம்பு சோலைக்கிளிக்கு மேலே இருப்பது இந்தப் பாறையும் வானமும். மூன்றில் மிகக் குறைந்த இடத்தில் வாழ்வதும் இதுதான், கடைசியாக அறியப்பட்டதும் இதுதான். தமிழகப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைக் காடுகளும் கேரளப் பக்கத்துக் காடுகளும் ஒன்றாகக் காக்கப்பட்டால்தான் இதற்குப் பிழைப்பு. மலைமுகட்டில் போகும் மாநில எல்லை பறவைக்குத் தெரியாது.

இறங்கும் வழியில் ஒருவர் போனில் பறவைக்குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கப் பார்த்தார். தம்பி நிறுத்தச் சொன்னார். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும், குஞ்சு பசியில் கிடக்கும் என்று தம்பி சொன்னதும், அந்த ஆள் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். இந்தப் பருவத்தில் இந்த மலைகளுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். உட்கார்ந்தால் போதும், தானாக வரும்.

மூன்று இடத்துப் பதிவுகளையும் ஊருக்குப் போனதும் இடம், உயரம், நேரத்தோடு இபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து, நீலகிரி சோலைக்கிளியின் வடக்கு எல்லையான பாபாபுதன் மலை. அங்குள்ளதன் பாட்டையும் கோத்தகிரிப் பாட்டோடு வைத்துக் கேட்க வேண்டும். மே மாத இறுதிக்குள், மழை பிடிப்பதற்கு முன் போனால் நல்லது. சிக்மகளூர்ப் பக்கம் சோலை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.